ரைட்டர் வீட்டு லான்

என் வீட்டுக்காரர் ஏற்காடு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். வேலையில் சேர்ந்ததிலிருந்து ரிட்டையர் ஆகும்வரை ஒரே எஸ்டேட், ஒரே ஆபீஸ், ஒரே நாற்காலி. அந்த மனுஷருக்கு நகை, நிலம், கார் எதன்மேலும் ஆசை கிடையாது. ஒரே ஒரு ஆசைதான். சொந்தமாக ஒரு வீடு கட்ட வேண்டும், அதன் முன்னால் பச்சைப் புல்தரையாக லான் போட வேண்டும், லானுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் இதை என்னிடம் ரகசியம்போலச் சொன்னார். "ஏனுங்க, வாசப்படியில உக்காந்து குடிச்சா காபி தொண்டையில எறங்காதுங்களா?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை.

இந்த ஆசை அவருக்கு எங்கே தொற்றியது என்று எனக்குத் தெரியும். எஸ்டேட் பங்களாவில்தான். அங்கே துரை என்றால் வெள்ளைக்காரர் இல்லை. அவர்கள் போய் வெகுகாலம் ஆகியிருந்தது. மேனேஜராக வந்த நம் ஆட்களையும் துரை என்றே கூப்பிட்டுப் பழகியிருந்தார்கள். சாயங்காலம் துரை லான் நடுவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடிப்பார். இவர் ஓரத்துச் சரளைப் பாதையில் நின்றபடி அன்றைய வேலை விவரத்தைச் சொல்லிவிட்டு, அதே பாதையில் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். துரையின் நாய் குறுக்கே ஓடும். ரைட்டர் சுற்றி வருவார். இதை ஒரு நாளும் அவர் குறையாகச் சொன்னதில்லை. "லானுன்னா மிதிக்கக் கூடாதுல்ல" என்பார், ஏதோ பைபிளில் எழுதியிருக்கிற மாதிரி. எனக்குத்தான் வயிறு எரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ரிட்டையர் ஆனார். ஏற்காடு பஜாருக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு சின்ன வீடு கட்டினோம். நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடிப்பதற்குள் இவர் முன்னால் கிடந்த இடத்தைக் கொத்திச் சமப்படுத்தி, ஓரமாகக் கல் பதித்து ஒரு பாதையும் போட்டுவிட்டார். கேட்டிலிருந்து வாசலுக்கு நேராக வராமல், அந்த இடத்தைச் சுற்றி வளைந்து வருகிற பாதை. முழங்கால் வலி எனக்கு அப்போதே உண்டு. யாரைக் கேட்டுப் போட்டார்?

விதை வாங்கிக் கொடுத்தவர் பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த பாய். பெங்களூரில் இருந்த தன் மச்சானிடம் சொல்லி ஒரு டின் கலப்புப் புல்விதை வரவழைத்தார். "அண்ணே, நாலஞ்சு சாதிப் புல்லு இதுல கலந்திருக்குதுங்க. வெயிலுக்கு ஒண்ணு, நெழலுக்கு ஒண்ணு. ஒண்ணு காலை வாருனாலும் இன்னொண்ணு நிக்கும்" என்றார். டின் பெங்களூரிலிருந்து சேலத்துக்கு ஒரு பஸ்ஸிலும், சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கிக்கொண்டு இன்னொரு பஸ்ஸிலும் வந்து சேர்ந்தது.

ஏப்ரலில், காபிச் செடியைப் பூக்க வைக்கும் முதல் மழை பெய்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் இவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டின்னைத் திறந்தார். கேட்டிலிருந்து ஆரம்பித்து, கயிறு கட்டி, ஒவ்வொரு கைப்பிடியாகத் தூவிக்கொண்டே வாசல்வரை வந்தார். என்னைத் தொடவிடவில்லை. கோயிலில் திருப்பலிப் பாத்திரத்தைப் பிடித்திருக்கிற மாதிரி அப்படி ஒரு பக்தி.

முளைத்தது. முளைத்த அழகை என்ன சொல்ல! கேட்டுப் பக்கம் பூனைமுடி மாதிரி ஒரு புல், வெளிறிப்போய். வாசல் பக்கம் மாட்டுக்கு அறுத்துப் போடலாம் போலத் தடித்த புல், கரும்பச்சையில். நடுவில் அங்கங்கே திட்டுத்திட்டாகச் செம்மண். மே மாத வெயிலில் அந்தப் பூனைமுடியும் பாதி கருகிற்று. இவர் மண்ணைக் குறை சொன்னார், சிட்டுக்குருவியைக் குறை சொன்னார், கடைசியில் நான் அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றியதுதான் காரணம் என்றார். பாயை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பாய்க்கு மனசு கேட்கவில்லை, ஒரு நாள் தானாகவே பார்க்க வந்தார். வந்தவர் பாதையில் நின்று தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்கண்ணே, ஒரே டின்னுல இருந்த வெதைதானுங்களே?"

"ஒரே டின்னுதான் பாய். என் கையாலதான் போட்டேன்."

வந்தவருக்குக் காபி போட்டு, தின்ன மிக்சர் எடுக்கப் போனேன். சேலத்திலிருந்து அதே மாதிரி பஸ்ஸில் வந்த மிக்சர் டின்தான். திறந்தால் மேலே முழுக்க ஓமப்பொடி. கடலை எல்லாம் அடியில் போய் உட்கார்ந்திருந்தது. எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டின்னை அப்படியே தூக்கிக்கொண்டு போய் இரண்டு பேர் முன்னாலும் வைத்தேன்.

"இங்க பாருங்க. உங்க லானு இதுதான். லேசான வெதை மேல, கனத்த வெதை அடியிலன்னு பஸ்ஸுலயே பிரிஞ்சு ஒக்காந்துக்கிச்சு. நீங்க கலக்காமயே மேல இருந்து அள்ளி அள்ளிப் போட்டிருக்கீங்க."

பாய் "அல்லாவே!" என்று சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. கடலையைப் பொறுக்கித் தின்றுகொண்டே, "காபி வெதை இப்படிப் பிரியாது" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

பாய் இன்னொரு டின் வரவழைத்தார். அது வந்த அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் லான் முழுக்கக் குழி. எஸ்டேட்டில் ஒரு காபிச் செடி செத்துப்போனால் அந்த இடத்தில் குழி எடுத்து, எரு போட்டு, புதுச் செடி நடுவார்கள். சப்ளை என்று அதற்குப் பேர். நம் ரைட்டர் மொட்டையான ஒவ்வொரு திட்டுக்கும் முழங்கை ஆழம் குழி வெட்டி, எருவைக் கொட்டி, மேலே புல்விதையைப் போட்டு மூடிக்கொண்டிருந்தார். அந்த வழியாகப் போன ஃபாதர் சைக்கிளை நிறுத்தி, "என்ன ரைட்டர், ஆரஞ்சுக் கன்னு நடறீங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க ஃபாதர், லானுக்குச் சப்ளை" என்றார் இவர், முகத்தில் ஒரு துளி சிரிப்பு இல்லாமல்.

ஜூன் மழையில் குழிப் புல் எல்லாம் எருவைத் தின்று கொத்துக் கொத்தாக எழும்பிற்று. குழிக்கு வெளியே பழைய சோகைப் புல் அப்படியே கிடந்தது. வழுக்கைத் தலையில் அங்கங்கே குடுமி வைத்த மாதிரி இருந்தது. தெருவில் போகிறவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒரு நாள் சாயங்காலம் இவர் வாசல்படியில் உட்கார்ந்து, தொண்டையில் இறங்காத அந்தக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "நமக்கெல்லாம் லானு வராது புள்ள" என்றார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த 'நமக்கெல்லாம்' என்ற வார்த்தை சுருக்கென்று தைத்தது. ஏன் வராது? நம் மண்ணில் புல் முளைக்காது என்று யார் சொன்னது?

காலாண்டு லீவு விட்டதும் நானே இறங்கினேன். எனக்குப் புல் தெரியாது, ஒட்டுப் போடத் தெரியும். கிழிந்த இடத்தை மட்டும் மூடினால் ஒட்டு நிற்காது. கிழிசலைச் சுற்றி நல்ல துணியிலும் தையல் ஓட வேண்டும். பிள்ளைகளுக்கு வருஷா வருஷம் இதைத்தானே சொல்லிக் கொடுக்கிறேன்! குடுமிகளைத் தோண்டி எடுத்து, பிய்த்துப் பிரித்து, பரவலாக நட்டேன். மொட்டைத் திட்டை மட்டுமில்லாமல் அதைச் சுற்றி இருந்த நல்ல புல்லுக்குள்ளும் மண்ணைக் கீறிவிட்டேன். மிச்சமிருந்த விதையை அண்டாவில் கொட்டி, மணலைச் சேர்த்து, ஒவ்வொரு தடவை அள்ளும்போதும் அடிவரை கைவிட்டுக் கலக்கி, முதலில் நீளவாக்கில் ஒரு தரம், பிறகு குறுக்குவாக்கில் ஒரு தரம் தூவினேன். பலகையைப் போட்டு மிதித்து அமுக்கினேன். இவர் பூவாளியைப் பிடித்துக்கொண்டு பாதையில் நின்றார்.

"எஸ்டேட்டுல இப்படிச் செய்ய மாட்டாங்க."

"இது எஸ்டேட்டு இல்லீங்க. நம்ம ஊடு."

அந்த வருஷ ஐப்பசி மழை நல்லபடியாகப் பெய்தது. நவம்பர் கடைசியில் ஒட்டு எது, பழசு எது என்று எனக்கே தெரியவில்லை. ஒரே பச்சை. இவர் செய்த அமர்க்களம் தாங்க முடியவில்லை. என் துணிக் கத்திரியைத் தூக்கிக்கொண்டு போய் ஓரம் வெட்டினார். துணிக் கத்திரி! ஒரு காகிதத்தை அதில் வெட்டினால்கூட நான் பிள்ளைகளை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவேன். இவரைத் திட்ட மனசு வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு வந்த ஃபாதரையே, "அந்தப் பக்கமா, கொஞ்சம் சுத்தி வாங்க ஃபாதர்" என்று கை காட்டினார். பாய் கேக் வாங்கிப் போக வந்தபோது, தன் மகன் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஓரமாகவே நடந்தார்.

எல்லோரும் போன மறுநாள்தான் கவனித்தேன். இவரும் சுற்றித்தான் நடக்கிறார். புல் வெட்ட, களை பிடுங்க, தண்ணீர் விட என்றால் தாராளமாக உள்ளே இறங்குவார். கையில் வேலை இல்லாவிட்டால் பாதையை விட்டு இறங்க மாட்டார். லான் வந்து இத்தனை நாளாகியும் காபி வாசல்படியில்தான். நாற்காலியைப் போடச் சொன்னால், "புல்லு நல்லா வேர் பிடிக்கட்டும்" என்பார்.

அன்றைக்குச் சாயங்காலம் பஜாருக்குப் போயிருந்தார். நான் இரண்டு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் நட்டநடுவில் போட்டேன். இரண்டு தம்ளரில் காபியை வைத்துக்கொண்டு ஒன்றில் உட்கார்ந்தேன். கேட்டைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வாங்க, ஆறிப்போவுது."

பாதையில் சுற்றி வாசலுக்குப் போனார். அங்கிருந்து என்னைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். ஜன்னலில் கை நீட்டி என் துணிக் கத்திரியை எடுத்தார். எடுத்துக்கொண்டு புல்லில் கால் வைத்தார்.

எனக்குப் பொட்டென்று கண்ணீர் வந்துவிட்டது, அதைவிட வேகமாகக் கோபம் வந்தது. "வெட்டறதுக்கு ஒண்ணும் இல்லீங்க இங்க. அந்தக் கத்திரியை வச்சிட்டு வாங்க!"

கையிலிருந்த கத்திரியைப் பார்த்தார். திரும்பிப் போய் ஜன்னலில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். காபியை ஒரு வாய் குடித்தார். பாதித் தம்ளர் காலியான பிறகுதான் அவர் முதுகு நாற்காலியில் சாய்ந்தது. தலையைத் திருப்பிக் கேட்டைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார்.

"ஏம்புள்ள," என்றார், "கேட்டுலருந்து ஊட்டுக்கு இத்தனை கிட்டவா இருந்துது?"