வதனி பாடாத பன்னிரண்டாவது பாட்டு

என் கணவர் பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் வேலையால் வந்து நான் கண்டதில்லை. அந்த வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்குக் கதவு திறந்தது. நான் சாமி விளக்குகளைப் புளி போட்டு மினுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சப்பாத்தைக் கழற்றாமல் குசினி வாசல்வரை வந்து நின்றார். இருபத்தைந்து வருடத்தில் சப்பாத்தோடு அவர் அந்த நடையைத் தாண்டியதே இல்லை. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வதனி போயிட்டாள்" என்றார்.

இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் முன்பக்கங்களில் வதனியின் பிறப்பு, பெற்றோர், படிப்பு, உறவுமுறை எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. அவள் என் கணவரின் ஒரே தங்கை. ஒன்பது வயதில் தகப்பனோடும் தமையனோடும் இந்த நாட்டுக்கு வந்தாள். பீலெஃபெல்டில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றில் கடைசிவரை வேலை செய்தாள். கல்யாணம் செய்யவில்லை. இருபத்தைந்து வருடம் மூன்று ஜெர்மன்காரரோடு சேர்ந்து ஒரு ரொக் இசைக்குழுவில் பாடினாள். அவளும் நானும் ஒருவரையொருவர் மச்சாள் என்றுதான் கூப்பிட்டோம். நான் எழுத வந்தது முன்பக்கங்களில் இல்லாத ஒன்று. அது அவளைப் பற்றியது. என் பிழையைப் பற்றியதும்தான்.

நான் மணப்பெண்ணாக வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைத் தங்கள் பயிற்சிக்குக் கூட்டிப்போனாள். பழைய நெசவாலை ஒன்றின் நிலவறை. குழுவுக்கு ஜெர்மன் மொழியில் ஒரு பெயர். தமிழில் ஈரவிறகு என்று வரும். "எரியாது மச்சாள், புகைதான் வரும்" என்று அவளே விளக்கம் சொன்னாள். தொடங்கினார்கள். என் நெஞ்சுக்குள் ஆரோ உரல் வைத்து இடிப்பதுபோல இருந்தது. கண்ணை மூடிப் பஞ்சாட்சரம் சொல்லத் தொடங்கினேன். பாட்டு முடிந்ததும் ஒலிவாங்கியை வைத்துவிட்டு வந்து கேட்டாள்: "கடவுளைக் கூப்பிட்டனீங்களோ? எங்கடை சத்தத்திலை அவருக்குக் கேட்டிராது." எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து தலைக்குக் குளிக்கும்போது சிரிப்பும் வந்தது.

மூன்று குளிர்காலத்துக்கு முன்னர்தான் அந்த இசைத்தட்டுப் பேச்சு வந்தது. அமெரிக்காவின் பழைய கண்ட்ரிப் பாட்டுகள் பன்னிரண்டைத் தெரிந்தெடுத்து, தங்கள் ரொக் குழுவின் வாத்தியங்களால் வாசித்து ஒரு அல்பமாக வெளியிடப் போகிறோம் என்றாள். அவை மாடு மேய்ப்பவர்களும் லொறி ஓட்டுபவர்களும் கேட்கும் பாட்டுகள் என்று என் கணவர் பகிடி பண்ணினார். அவள் விடவில்லை. அகதிகள் விடுதியில் இருந்த முதல் இரண்டு வருடமும் அங்கே வேலை செய்த காவலாளியின் அறையிலிருந்து நாள் முழுக்க அந்தப் பாட்டுகள்தான் கேட்டனவாம். ஒரு சொல்லும் விளங்காமல் அவள் கதவடியில் நின்று கேட்பாளாம். பிறகு ஆங்கிலம் படித்து அர்த்தம் தெரிந்தபோது பார்த்தால், எல்லாம் வீட்டை விட்டு வந்தவர்களின் பாட்டு. ரயில், கடிதம், செத்தவீட்டுக்குப் போய்ச்சேர முடியாத பிள்ளைகள். "எங்கடை ஆக்கள் பாட வேண்டியதையெல்லாம் இவங்கள் முந்திப் பாடி வைச்சிருக்கிறாங்கள்" என்றாள்.

ஒருநாள் வேலை முடிந்து நேரே எங்கள் குசினிக்கு வந்து, நான் பிட்டுக்கு மாக் குழைக்கக் குழைக்க, பயிற்சியில் பதிந்த ஒன்றைக் கைத்தொலைபேசியில் போட்டாள். எனக்கு இசை ஒருவரும் சொல்லித்தந்ததில்லை. கோயிலில் பதிகம் பாடுபவர்களைக் கேட்டுக் கேட்டு நானாகப் பாடப் பழகியதுதான். ஆனாலும் அபிப்பிராயம் கேட்டால் சொல்லாமல் விடுகிற ஆள் நானில்லை. பாட்டில் ஒரு ஆள் அழுகிறது தெரிகிறது, பின்னால் அடிக்கிற அடியில் அந்த அழுகை கேட்கவில்லை என்றேன். அவள் உடனே ட்ரம்ஸ் வாசிக்கும் யோர்க்குக்குத் தொலைபேசி எடுத்தாள். ஜெர்மன் மொழியில் அவள் சொன்னதைக் கேட்டு நான் மாக்கையால் வாயைப் பொத்தினேன்: நீ கடன்காரன் கதவைத் தட்டுவதுபோல அடிக்கிறாயாம், செத்தவீட்டுக்கு வந்தவன்போல அடிக்கட்டாம், என் மச்சாள் சொல்கிறா. அடுத்த கிழமை யோர்க் தடிகளை வைத்துவிட்டு, கம்பித் தூரிகைகளால் தடவி வாசிக்கத் தொடங்கிவிட்டார். பாட்டுக்குள் காற்று வந்ததுபோல இருந்தது. இத்தனை வருடம் கத்திவிட்டு இப்படி மெல்லப் பாட எங்கே பழகினாய் என்று கேட்டேன். "சத்தம் போடத் தெரிஞ்சவைக்குத்தான் மெல்லமாப் பாட ஏலும்" என்றாள். அதை அவள் பலரிடம் சொல்லியிருப்பாள். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும்.

பதினொரு பாட்டும் பதிந்து முடிந்தன. பன்னிரண்டாவதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தாள். வெகுகாலத்துக்குப் பிறகு தகப்பன் வீட்டுக்குத் திரும்பி நடந்து வருகிற ஒருத்தியின் பாட்டு அது. ஒலிப்பதிவு அறையில் தன் அப்பாவைக் கதிரை போட்டு இருத்தி, அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பாடவேண்டும் என்பது அவளுடைய ஆசை. மாமா எங்களோடுதான் எட்டு வருடம் இருந்தார். அவரை நான்தான் பார்த்தேன். பதிவுக்கு ஐந்து கிழமை இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, காலைத் தேநீர் ஆறுவதற்கு முன்னர் போய்விட்டார். காகித அலுவல்கள் முடிந்து தகனசாலையில் இடம் கிடைக்க மற்றக் கிழமை புதன்கிழமை ஆகிவிட்டது. இந்த நாட்டில் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

இனி எழுதுவதை எழுதக் கை கூசுகிறது.

எங்கள் குடும்பத்தில் விரதமோ திதியோ துடக்குத் தீட்டோ, எந்தக் கணக்கும் என்னிடம்தான் வரும். நானே புத்தகங்கள் வாசித்துப் பழகியவள். ஒவ்வொன்றையும் கலண்டரில் குறித்து வைப்பவள். கோயிலடியில்கூட என்னைக் கேட்பவர்கள் உண்டு. செத்தவீடு முடிந்து மூன்றாம் நாள் வதனி வந்து, துடக்கு எப்போது முடிகிறது என்று கேட்டாள். கல்யாணம் செய்யாத மகள்; அவளுக்கும் எங்களோடு முப்பத்தொரு நாள். அதற்குள் பாட்டுக் கூடாது. அவள் கோயிலுக்கு அதிகம் போகாதவள். ஆனாலும் அப்பாவின் காரியத்தில் ஒன்றும் குறையக்கூடாது என்றாள். நான் கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, தகனம் நடந்த புதன்கிழமையிலிருந்து விரல் விட்டு எண்ணினேன். உடல் வீடுமாதிரி, அது இருக்கும்வரை கணக்குத் தொடங்காது என்று நானாக ஒரு விளக்கமும் சொன்னேன். அவளுடைய பதிவு நாட்கள் இரண்டும் துடக்குக்குள் விழுந்தன. அவள் கொஞ்ச நேரம் கலண்டரைப் பார்த்தாள். "நீங்கள் சொன்னால் சரி மச்சாள்" என்றாள்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் சொந்தக்காரர், மாமா இறந்த நாளிலிருந்து எண்ணி, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் துடக்குக் கழிக்கும் அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். அது பதிவுக்கு இரண்டு நாள் முந்தி. படங்கள் கைத்தொலைபேசிக்கு வந்தன. வதனி தொலைபேசி எடுத்துச் சொன்னாள்: "அங்கை முடிச்சிட்டினம் போலை, மச்சாள்." நான் யோசிக்கவே இல்லை. அங்கத்தைய கணக்கு வேறை, இஞ்சத்தைய கணக்கு வேறை என்றேன். சரி, யோர்க்கிடம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள்.

ஒலிப்பதிவு அறையில் அடுத்த டெர்மின், பாடுவதற்கான நாள், ஏழு கிழமைக்குப் பிறகுதான் கிடைத்தது. நான்காவது கிழமையில் அவளுடைய தொண்டை கட்டியது. தடிமன் என்று சொன்னாள். மல்லித்தண்ணி வைத்துக் கொடுத்தேன். ஆறாவது கிழமையும் குரல் திரும்பவில்லை. ஏழாவது கிழமை, பாடவேண்டிய வெள்ளிக்கிழமை, அவள் மருத்துவமனையில் ஒரு வைத்தியருக்கு முன்னால் வாயைத் திறந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன். குரல்வளையில் புற்று, எடுக்கவேண்டும் என்றார்கள். எடுத்தார்கள்.

அவள் உயிரோடு இருந்தால் போதும் என்றுதான் நாங்கள் எல்லோரும் வேண்டினோம். நானும் அதைத்தான் வேண்டினேன். ஆனால் அந்தப் பன்னிரண்டாவது பாட்டு அவளுக்கு என்னவென்று எனக்குத் தெரியும். குழுவினர் வேறொரு பெண்ணைக் கொண்டு பாடுவிப்போமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். பாட்டை வாசிக்கட்டும், பாடுகிற இடங்களை வெறுமையாக விடட்டும் என்று எழுதிக் காட்டினாள். இசைத்தட்டு அப்படியே வெளிவந்தது. வெளியீட்டன்று கழுத்தில் சால்வை சுற்றி முன்வரிசையில் இருந்தாள். பன்னிரண்டாவது வாசிக்கும்போது யோர்க் அவளைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அவளுடைய உதடு ஒவ்வொரு சொல்லுக்கும் அசைந்தது.

மாமாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஐயர் வந்தார். சாமான்களை எடுத்து வைக்கும்போது பேச்சோடு பேச்சாகத் துடக்குக் கணக்கைப் பற்றிக் கேட்டேன். என் கணக்குச் சரியென்று அவர் வாயால் கேட்க ஆசைப்பட்டேன் போலும். அவர் தர்ப்பையைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "செத்த நாளிலையிருந்துதானே அம்மா. இஞ்சை எப்ப எரிக்கக் கிடைக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்? இங்கத்தைய ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் எண்ணீனம்." என் கையில் இருந்த செம்பு நழுவவில்லை. அதைக் கீழே வைத்து, அரிசி கழுவி, எல்லோருக்கும் சமைத்துப் போட்டேன்.

இறந்த நாளிலிருந்து எண்ணியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை அவள் பாடியிருப்பாள். அப்போது குரல் இருந்தது. நல்ல குரல்.

மூன்று நாள் பொறுத்து அவளுடைய வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். வதனி யன்னலடியில் இருந்தாள். நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு கைத்தொலைபேசியில் எழுதி என் பக்கம் திருப்பினாள்.

"தெரியும்."

எனக்கு விளங்கவில்லை. மறுபடி எழுதினாள்: "படம் வந்த அண்டைக்கே ஐயருக்கு எடுத்துக் கேட்டனான்."

"பிறகேன் சொல்லேல்லை?" என்று கேட்டேன். கேட்டேன் என்பதைவிடக் கத்தினேன் என்று சொல்லவேண்டும்.

நெடுநேரம் எழுதினாள். அழித்தாள். திரும்ப எழுதினாள். "அப்பா போன பிறகு சாப்பிடாமல் திரிஞ்சது நீங்கள் ஒராள்தான். உங்களைப் பிழையாக்கிப்போட்டுப் போய் அந்தப் பாட்டைப் பாட எனக்கு ஏலாமல் கிடந்தது. ஏழு கிழமைதானே எண்டு நினைச்சன்."

நான் அவளுடைய மடியில் முகத்தை வைத்து அழுதேன். என்னைவிட வயதில் இளையவள், என் தலையைத் தடவிக்கொண்டே ஒரு கையால் எழுதி, என் தோளில் தட்டிக் காட்டினாள்: "அதோடை, உங்களுக்குப் பிழையெண்டு சொல்ல பீலெஃபெல்டிலை ஆருக்குத் துணிவு இருக்கு?" நிமிர்ந்து பார்த்தேன். சத்தமில்லாமல், தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் இருந்தாள். அந்தக் கதையை அவள் திரும்ப எடுக்கவில்லை. நான் எடுக்கப்போனால் கையைக் காட்டி நிறுத்திவிடுவாள். தேத்தண்ணி போடச் சொல்லுவாள்.

அவளைத் தெரிந்தவர்களே, அவள் பாடிய பதினொரு பாட்டும் உங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. பிள்ளைகள் வேலைக்குப் போகும்போது காரில் கேட்கிறார்கள் என்று சொல்கிறீர்கள், சந்தோசம். என்னிடம் இருப்பது பன்னிரண்டாவது. அவள் மற்றவர்களுக்கு எந்தக் குறையும் வராமல் தன்னுடையதை விட்டுக்கொடுத்த விதமும் என்னிடம் இருக்கிறது. அதை நான் நல்ல குணம் என்று புகழ்ந்து எழுத மாட்டேன். அன்றைக்கு அவள் என்னோடு சண்டை பிடித்திருக்கலாம். பிடித்திருக்கவேண்டும்.

அவள் போன பிறகு வந்த துடக்கு நாட்களில் ஒவ்வொன்றுக்கும் ஐயருக்குத் தொலைபேசி எடுத்தேன். எந்த நாளிலிருந்து எண்ணுவது, எப்போது விளக்கேற்றுவது, என்ன சமைப்பது, எல்லாம் கேட்டேன். அம்மா, உங்களுக்குத் தெரியாததா என்று அவரே சலித்துக்கொண்டார். தெரியாது ஐயா, சொல்லுங்கோ என்றேன்.

ஒன்றை மட்டும் கேட்கவில்லை. எட்டாம் நாள் காலை என் கணவர் வெளியே போன பிறகு, குசினியில் அந்தப் பாட்டைப் போட்டேன். கிற்றார் தொடங்கியது. யோர்க்கின் தூரிகைகள் மெல்ல வந்து சேர்ந்தன. பிறகு அவள் பாடவேண்டிய இடம் வந்தது. நான் அடுப்பை நிறுத்திவிட்டு, அவள் பாடி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரமும் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.