ஓரத்தில் தொடங்கிய இருட்டு

"இடது பக்கம் ஓரத்துல புகை மாதிரி கீது, சுமதி" என்று என் கணவர் ஒரு காலையில் சொன்னார். கே.கே. நகரில் மிக்சி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். தலைவலி என்றுகூட வாய் திறக்காத மனிதர். எப்போதிலிருந்து என்று நான் கேட்டிருக்க வேண்டும். "எந்த மாதிரிப் புகை? கறுப்பா, சாம்பலா?" என்று கேட்டேன்.

பலகையில் கரி, கொசுவலை, பழைய எக்ஸ்ரே தாள் எல்லாம் ஒட்டிப் படம் செய்பவள் நான். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவில் இருப்பதைப் பிடிக்க இரண்டு வருடமாகத் திணறிக்கொண்டிருந்தேன். அது என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்தால் விடுவேனா? அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து, எது தெரிகிறது, எது மங்குகிறது என்று கேட்டுக் கேட்டு ஒட்டினேன். அவரும் சலிக்காமல் சொன்னார். "ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று ஒருமுறை அவரே கேட்டார்.

"கண்காட்சி முடியட்டுங்க" என்றேன். அடிப்பாவி, அப்படித்தான் சொன்னேன்.

மயிலாப்பூரில் கண்காட்சி நன்றாகவே நடந்தது. மறுவாரம் அடையாறில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனோம். க்ளாக்கோமா (கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பார்வை நரம்பு கெடும் நோய்) என்றார் டாக்டர். பார்வைப் புலச் சோதனை (நேராகப் பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தெரிகிறது என்று அளப்பது) எடுத்த தாளை நீட்டினார். நடுவில் வெள்ளை, பிறகு சாம்பல், ஓரத்தில் கறுப்பு. என் கடைசிப் படம் அச்சாக அப்படியே இருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு வாரமாதான் சார்" என்றார் என் கணவர், என்னைப் பார்க்காமல்.

எனக்காகப் பொய் சொல்கிறார். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் தேதி எழுதி வைத்திருப்பவள் நான். "ஏழு மாசமா டாக்டர். எனக்குத் தெரியும்" என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "போன பார்வை திரும்பாதும்மா. மிச்சத்தைக் காப்பாத்தலாம். சொட்டு மருந்து ஒரு வேளைகூடத் தவறக் கூடாது" என்றார்.

உங்கள் வீட்டில் யாராவது ஓரம் மங்குகிறது என்று சொன்னால், அன்றைக்கே கூட்டிப் போங்கள். வலி இருக்காது, சொல்லத் தோன்றாமலேயே பலருக்குப் பார்வை போய்விடுகிறது. எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. அவர்தான் என்னிடம் சொன்னாரே.

இப்போது எங்கள் நாள் காலை எட்டு, இரவு எட்டு என்று இரண்டு சொட்டுகளுக்கு நடுவில் ஓடுகிறது. கழுத்தை முழுக்கத் திருப்பித்தான் என்னைப் பார்க்கிறார். "வரேங்க" என்று குரல் கொடுத்துக்கொண்டே நடக்க நானும் பழகிவிட்டேன்.

நேற்றுக் காலை குரல் கொடுக்காமல் போய் அவருடைய இடப்பக்கம் நின்றேன். எந்த இடத்தில் நான் மறைகிறேன் என்று பார்க்கத்தான். இன்னும் அந்தப் புத்தி போகவில்லை பாருங்கள்.

அவர் சமையலறைப் பக்கம் திரும்பி, "சுமதி, மணி எட்டாச்சு, எங்க கீற?" என்று கத்தினார்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றிருந்தேன்.