பக்கத்துக் கட்டமும் கீழ்க் கட்டமும்

நான் எங்கயும் போகல. இதே போலாரம் வீட்டுல, பேத்தி ரூம்லதான் கெடக்கேன். அனுப்பப் பாத்தாங்க, முடியல.

பேத்திக்குப் பத்தாவது பரீட்சை, தனி ரூம் வேணும்னு எம் மகன் நெனச்சான். மாதாப்பூர் ஆபீஸ்ல யாருக்கு எந்த சீட்டுன்னு பிரிச்சுக் குடுக்குறவன் ஆச்சே, அம்மாவுக்கும் ஒரு சீட்டு பாத்துட்டான். கோயமுத்தூர்ல முதியோர் இல்லம்.

"எல்லாம் உன் வயசுக்காரங்கம்மா, தமிழ்க்காரங்க. ஒரே செட்டு. உனக்குப் பொழுது போகும்."

இங்க எனக்குப் பொழுது போகலன்னு இவன்கிட்ட யாரு அழுதா?

எங் கட்டிலுக்கு மேல சுவத்துல பேத்தி ஒரு பெரிய படம் மாட்டியிருக்கா. கலர் கலராக் கட்டம், கட்டத்துக்குள்ள இங்கிலீஷ் எழுத்து, நம்பர். நான் மூணாவதுலயே நின்னவ. காலண்டர்னு நெனச்சு, அமாவாச எதுலடின்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா.

"பாட்டீ, அது எலிமெண்ட்ஸ். மேலருந்து கீழ ஒரு லைன் வந்தா ஒரு ஃபேமிலி."

"பக்கத்துப் பக்கத்துல இருக்கறது?"

"வெறும் நெய்பர்ஸ். சோடியமும் மெக்னீசியமும் பக்கத்துப் பக்கத்துலதான், வெயிட்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. ஆனா சோடியத்தத் தண்ணியில போட்டா குதிக்கும். மெக்னீசியம் பச்சத் தண்ணியில சும்மா கெடக்கும்."

"அப்ப சோடியத்துக்கு யாருடி சொந்தம்?"

"மேல லித்தியம், கீழ பொட்டாசியம். மேல இருக்கறது குட்டி, கீழ போகப் போக குண்டு. ஆனா எல்லாத்துக்கும் வெளிய ஒரே ஒரு எலக்ட்ரான். அத யார் தலையிலயாவது கட்டிரணும்னு துடிக்கும். கீழ போகப் போக ஆட்டம் ஜாஸ்தி."

"கடைசி ஓரத்துல?"

"நோபிள் கேஸ். யார்கூடயும் சேராது."

"காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு உங்கப்பன் உக்காந்திருக்கானே, அந்த மாதிரியா?"

"ஹவ் பாட்டி!"ன்னு இந்த ஊரு பாஷையில ஆமாம் போட்டா.

ஞாயித்துக்கெழம சாப்புடும்போது மகன், "டிக்கெட் போட்டுரவாம்மா?"ன்னான். ரசம் ஊத்திக்கிட்டு இருந்தவ கிண்ணத்த வெச்சுட்டு, அவன எச்சக் கையோட இழுத்துட்டுப் போயி படத்துக்கு முன்னாடி நிறுத்துனேன். மருமக கரண்டியோட பின்னாலயே வந்துட்டா.

"நல்லாப் பாருடா. வயசு ஒண்ணா இருந்தா அது பக்கத்துக் கட்டம். குடும்பம் மேலருந்து கீழ. மேல குட்டி உம் மக, கீழ குண்டு நான். தண்ணி ஊத்திப் பாரு, ரெண்டும் குதிக்கும். நான் இன்னும் ஜாஸ்தியாக் குதிப்பேன்."

"அதுல சந்தேகமே இல்ல அத்தை"ன்னா மருமக.

"அவ படிக்கணும்மா..."ன்னு இழுத்தான்.

"நக்கோ டாடி, வேணாம்!"ன்னா பேத்தி. "பாட்டி கேள்வி கேட்டாத்தான் எனக்கு மண்டையில நிக்குது. பாட்டி போனா அந்தக் கட்டில்ல உங்க லேப்டாப்தான் வந்து உக்காரும்."

மகன் மூஞ்சியப் பாக்கணுமே! நெசமாவே அந்த எண்ணம் இருந்திருக்கு. கட்டத்துல ஒவ்வொண்ணாத் தேடுனான்.

"அப்ப நான் எங்கம்மா இருக்கேன்?"

"அந்தா, கடைசி ஓரத்துல. யார்கூடயும் சேராதுதான். அதுக்காக அத யாராச்சும் படத்த விட்டு வெளிய அனுப்புனாங்களா? கைய கழுவிட்டு வா, ரசம் ஆறுது."