சத்திரக்காரனின் முகம்

எலும்பு வார்டில் மாவுக்கட்டுப் போடுகிறவரைக் கட்டுக்காரர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கையில் நிதானம் உண்டு, வாயில் கிடையாது. வலியில் யாராவது அலறினால், "நான் உடைக்கலப்பா, ஒட்டத்தான் வந்திருக்கேன்" என்பார்.

கிறிஸ்துமஸுக்கு ஆஸ்பத்திரிக் கூடத்தில் குடில் வைப்பதும் அவர்தான். யாரும் கொடுத்த பொறுப்பல்ல. அவராகப் பிடித்துக்கொண்டது, இனி யாராலும் பிடுங்க முடியாது. மிஞ்சிய மாவுக்கட்டுத் துணியைக் கம்பிமேல் சுற்றி, முழங்கால் உயரத்துக்கு மரியாள், சூசையப்பர், இடையர்கள், மாடு, கழுதை என்று செய்து வைத்திருந்தார். உருவம் அவருடையது, முகம் எழுதுவது மனைவி. அந்த அம்மா வீட்டிலிருந்தபடி வண்டிகளுக்கு நம்பர் பலகை எழுதுகிறவர். தூரிகை பிடித்தால் மயிரிழை பிசகாது.

குடில் விஷயத்தில் கட்டுக்காரர் படு கறார். குழந்தையைத் தேடி வரும் ஞானிகள் மூவரும் முதல் நாளே வந்து நின்றுவிடக் கூடாது. மருந்து கொடுக்கும் ஜன்னலருகிலிருந்து கிளம்பி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து வரவேண்டும். தீவனத் தொட்டி கடைசி மாலை வரை காலியாகவே கிடக்கவேண்டும். "பொறக்காத புள்ளைய எப்படிப் படுக்க வைக்கிறது?" என்பார். இவையெல்லாம் மற்றக் குடில்களிலும் உண்டு. இவருடையதில் மட்டும் ஒரு சத்திரக் கதவும், அதன் குறுக்கே கை நீட்டி நிற்கும் சத்திரக்காரனும் கூடுதல். வேதத்தில் அப்படி ஓர் ஆளே கிடையாது. பிள்ளை பெறும் நேரத்தில் மரியாளுக்குச் சத்திரத்தில் இடமில்லை என்று இருக்கிறதே தவிர, யார் சொன்னது என்று இல்லை.

"எவனோ ஒருத்தன் சொல்லித்தானே இருப்பான்? அவன் மூஞ்சியையும் நாலு பேர் பாக்கட்டும்" என்பது அவர் நியாயம். வார்டுப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது, "இங்க இடமில்ல, போங்க" என்று குரலைக் கடுமையாக்குவார். பிள்ளைகள் சத்திரக்காரனைத் திட்டித் தீர்க்கும்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவர் மகள் வாசலில் வந்து நின்றாள். நிறைமாத வயிறு. அப்பாவுக்குப் பிடிக்காத லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். குடியிருந்த அறையில் வெள்ளம் புகுந்துவிட்டது. அவன் பையைத் தூக்கிக்கொண்டு நனைந்தபடி பின்னால் நின்றான். கட்டுக்காரர் கதவின் குறுக்கே கையை வைத்து, "இங்க இடமில்ல" என்றார். அறைக்குப் பஞ்சமில்லாத வீடு. பின்னாலிருந்து மனைவி "என்னங்க..." என்று இழுத்தபோது, "நீ உள்ள போ" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சே வீட்டில் எழவில்லை. மனைவிக்கும் சம்மதம்தான் என்று எடுத்துக்கொண்டார், மகா புத்திசாலி.

டிசம்பரில் பரணிலிருந்து இறக்கும்போது பழைய சத்திரக்காரன் கைதவறி விழுந்து நொறுங்கினான். அவசரமாக ஒருவனைச் செய்து மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மா எழுதி முடித்து, துணியைப் போர்த்தி, தானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து வைத்தார். வர்ணம் காயவில்லை, தொடக்கூடாது என்று அவரைக் கிட்டவே விடவில்லை.

கதை சொல்லும் மாலை கூடம் நிறைந்திருந்தது. தலைமை நர்ஸ் துணியை எடுத்தார்.

இடது புருவத்தைக் குறுக்கே வெட்டும் தழும்பு. ஒரு பக்கம் மட்டும் நரைத்த மீசை. பச்சைச் சீருடை, பையில் நீலப் பேனா.

"அண்ணே, அச்சு அசல் நீங்கதான்" என்று இளைய நர்ஸுகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தலைமை நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. கையில் கட்டோடு முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி, "இந்த மாமாவா இடமில்லன்னு சொன்னாரு?" என்று கேட்டாள்.

கட்டுக்காரரைக் கதையைத் தொடங்கச் சொன்னார்கள். "இங்க..." என்றவருக்கு அடுத்த சொல் வரவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, மருந்து ஜன்னலருகே நின்ற மனைவியிடம் போனார்.

"ஏன் இப்படிப் பண்ணின?"

"பாத்ததத்தான் எழுதினேன். கதவுக்குக் குறுக்க கை வச்சு நின்ன ஆளு, நான் பாத்தது நீங்க ஒருத்தர்தான்."

அந்த அம்மா அதே குரலில் சொன்னார்: "பொறந்து ஒரு மாசம் ஆகப்போவுது. பொண்ணு."

"யாருக்கு?" என்று கேட்டார். அவ்வளவுதான் ஓடியது மூளை.

"உங்களுக்குப் பேத்திங்க. இதே ஆஸ்பத்திரியில, மாடியில. நீங்க கீழ யாருக்கோ கட்டுப் போட்டுக்கிட்டு இருந்தீங்க. பெரிய நர்ஸம்மாதான் கூட இருந்தாங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் வேணாம்னா. 'வாசல்லயே சொல்லிட்டாரேம்மா, இன்னும் என்ன சொல்லணும்'னு கேட்டா."

தலைக்கு மேலேதான் இருந்திருக்கிறாள். வலியெடுத்துக் கத்தியிருப்பாள். அந்த நேரம் அவர் எவனிடமோ ஒட்டத்தான் வந்திருக்கிறேன் என்று வேடிக்கை பேசியிருப்பார்.

சீருடையோடே புறப்பட்டார். டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை என்று மனைவி வழி சொன்னார், கூட வரவில்லை. கதவைத் தட்டினார். தோளில் பிள்ளையோடு மகள் திறந்தாள். அவரைப் பார்த்ததும் அவள் கை தானாக எழுந்து, குறுக்கே நிலையைப் பிடித்துக்கொண்டது. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பது எப்படியிருக்கும் என்று அவருக்கு இதுவரை தெரியாது.

"உள்ள வரலாமாம்மா?"

உள்ளே லாரிக்காரன் எழுந்து, இருந்த ஒரே நாற்காலியிலிருந்து துணிகளை அள்ளிக் கீழே வைத்தான்.

"சின்ன ரூமுப்பா" என்றாள் மகள்.

"நான் நின்னுக்கறேன்."

அவள் பிள்ளையைத் தோளில் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பிறகு, கையை எடுக்காமலே, "குனிஞ்சு வாங்க" என்றாள்.

கட்டுக்காரர் குனிந்தார்.