மூன்று தவணையும் முடிந்த குழந்தை

1. வியாழக்கிழமை காலை

முத்துப்பேச்சி தன் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் சப்சென்டருக்கு, அதாவது துணை சுகாதார நிலையத்துக்கு, வந்தபோது நான் முந்தின நாள் தடுப்பூசிக் கணக்கை ரிஜிஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். அவள் திராட்சைத் தோட்டத்தில் வேலை செய்பவள். அந்நேரத்துக்குத் தோட்டத்தில் இருக்க வேண்டியவள்.

"செத்த நேரம் இவனை நிக்க வச்சுப் பாருங்க நர்சம்மா. காலு நிக்க மாட்டேங்குது" என்றாள்.

பையனுக்கு ஒன்றரை வயது. பெயர் சரவணன். நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை. நான்கு நாள் காய்ச்சல் அடித்து விட்டதாம். காய்ச்சல் விட்ட பிறகு எழுந்து நிற்கவில்லையாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்கித் தரையில் நிறுத்திப் பார்த்தேன். இடது கால் ஊன்றியது. வலது கால் தொங்கியது. பாதத்தில் கூச்சம் காட்டியதும் சிரித்தான், ஆனால் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. போலியோ.

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். உள்ளே தடுப்பூசி அட்டை, மடிப்புக்கூட விழாமல் இருந்தது. சொட்டு மருந்து மூன்று தவணை, மூன்றுக்கும் டிக், மூன்றுக்கும் என் கையெழுத்து.

"மூணு தடவையும் நீங்கதான ஊத்துனீக" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

2. நான் எப்படி முதலிடத்தில் இருந்தேன்

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சின்னாளப்பட்டிக்கும் கொடைரோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். என் பொறுப்பில் ஐந்து கிராமங்கள்.

புதன்கிழமைதோறும் தடுப்பூசி. விதிப்படி அன்று காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ஃபிரிட்ஜில் இருக்கும் மருந்தை ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் வாங்கிக்கொண்டு, கிராமத்துக்குப் போய்ப் போட வேண்டும். மிச்சத்தை மாலையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பஸ் பிடித்து நான் வந்து சேரப் பத்தரை ஆகிவிடும். அதற்குள் பெண்கள் திராட்சைத் தோட்டத்துக்குப் போயிருப்பார்கள். கைக்குழந்தையும் கூடவே போய்விடும். வீட்டில் கிழவிகளும் கோழிகளும்தான் இருக்கும். முதல் வருடம் முழுவதும் என் டார்கெட்டில் பாதிகூடத் தேறவில்லை.

அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். செவ்வாய்க்கிழமை மாலை எப்படியும் வாராந்திரக் கூட்டத்துக்கு அதே நிலையத்துக்குப் போகிறோம். அப்போதே மருந்தை வாங்கி வந்துவிட்டால் என்ன? பிளாஸ்க்கில் ஐஸ் காலைவரை தாங்காது. ஆனால் சப்சென்டருக்கு எதிரே கருப்பையா அண்ணன் சோடாக்கடை வைத்திருந்தார். கலர் பாட்டில்களைக் குளிர வைக்க ஒரு பெரிய மரப்பெட்டி, அதற்குள் மரத்தூள் தூவிய ஐஸ் கட்டி. கேட்டதும் மருந்துக் குப்பிகளுக்கு ஒரு மூலை ஒதுக்கிக் கொடுத்தார்.

புதன்கிழமை காலை ஆறரை மணிக்கெல்லாம் நான் முதல் கிராமத்தில் இருப்பேன். பெண்கள் தூக்குவாளியோடு கிளம்பும் முன் பிள்ளைகளுக்குப் போட்டு முடித்துவிடுவேன். ஒன்பது மணிக்கு இரண்டாவது கிராமம். பிரிக்காத குப்பிகள் மீந்தால் பெட்டியிலேயே அடுத்த வாரத்துக்கு. ஒரு பஸ் பயணம் மிச்சம், ஒரு நாள் மிச்சம். காலையில் பெட்டியைத் திறந்து குப்பியைத் தொட்டுப் பார்ப்பேன். ஜில்லென்று இருப்பதாகத்தான் தோன்றும்.

ஆறே மாதத்தில் எங்கள் வட்டாரத்தில் என் சப்சென்டர் முதலிடம். ரிவ்யூ மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொல்லிக் கை தட்டினார்கள். மாவட்டத்திலிருந்து வந்த அதிகாரி, "ஜெயராணி மாதிரி பிளான் பண்ணி வேலை பாருங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். அந்த வார்த்தையை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

3. வெப்பமானி

சரவணனை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்து, முத்துப்பேச்சியோடு நானும் போனேன். அங்கே போலியோ என்று உறுதி செய்தார்கள். திரும்பியதும் எங்கள் நிலையத்து டாக்டரைப் பார்த்தேன். வேலைக்கு வந்து இரண்டு வருடமே ஆன இளைஞர். அதிகம் பேசமாட்டார்.

"நல்ல மருந்து மூணு தடவை குடுத்தாலும் சில குழந்தைங்க உடம்புல வேலை செய்யாது. அதுவா இருக்கலாம்" என்றார். எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் சாதாரணமாகக் கேட்பதுபோல், "புதன்கிழமை மருந்து எப்ப எடுத்துட்டுப் போவீங்க?" என்றார்.

என் ஏற்பாட்டைச் சொன்னேன். ஒளிக்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அது என் சாமர்த்தியம் அல்லவா.

அவர் எழுந்து போய் ஃபிரிட்ஜுக்குள் தொங்கிய வெப்பமானியை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். "இன்னைக்குச் சாயங்காலம் அந்தப் பெட்டியில வைங்க. காலையில என்ன காட்டுதுன்னு பாத்து எழுதிட்டு வாங்க. எட்டு டிகிரிக்கு மேல போகக் கூடாது."

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கருப்பையா அண்ணனைக் கடை திறக்கச் சொன்னேன். முதன்முறையாக மரத்தூளை விலக்கிப் பெட்டியின் அடிவரை பார்த்தேன். கலங்கிய தண்ணீரும் ஈர மரத்தூளும்தான் இருந்தன. வெப்பமானி இருபத்தாறு காட்டியது. அதை உதறி, மறுபடி வைத்து, மறுபடி பார்த்தேன். இருபத்தாறுதான்.

"அண்ணே, ஐஸ் எங்க?"

"அது ராத்திரியே கரைஞ்சு போகும்ல. திண்டுக்கல்லுல இருந்து புதுக் கட்டி எட்டு மணிக்குத்தான வருது."

"ஏண்ணே இத எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க வைக்க இடம் கேட்டீக, குடுத்தேன். அது அம்புட்டுக் குளிரா இருக்கணும்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவர் மேல் தப்பில்லை. காலை நேரத்தில் ஈர மரத்தூளிலிருந்து எடுத்த கண்ணாடிக் குப்பி விரலுக்கு ஜில்லென்றுதான் இருக்கும். நான் நம்பியது என் விரலை.

டாக்டரிடம் சீட்டைக் காட்டினேன். "ஊசி மருந்து ஓரளவு தாங்கும். சொட்டு மருந்து தாங்காது. அதுவும் வாரக்கணக்குல இருந்தா, நீங்க ஊத்துனது வெறும் தண்ணிதான்" என்றார்.

ஒன்றரை வருடம் அப்படி ஊற்றியிருக்கிறேன். அதில் ஒரு வருடம் நான் முதலிடம்.

4. கடிதம்

"இனிமே சரியாக் கொண்டு போங்க" என்றார் டாக்டர்.

"இதுவரைக்கும் குடுத்த குழந்தைங்க சார்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "எல்லாத்துக்கும் மறுபடி குடுக்கலாம். குடுத்தா ஒரு கெடுதலும் இல்ல. ஆனா கூடுதல் மருந்து வேணும்னா மேல காரணம் எழுதணும். எழுதினா உங்களுக்கு மெமோ வரும். கவனிக்கலன்னு எனக்கும் வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து ரிஜிஸ்டரைப் பிரித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் முகம் தெரியும். எந்தக் குழந்தை அழும், எது மருந்தைத் துப்பும், எதன் தாய்க்கு அவசரம் என்று எல்லாம் தெரியும். சும்மா இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லார் அட்டையிலும் மூன்று தவணையும் முடிந்திருக்கிறது. இன்னொரு குழந்தைக்குக் கால் தொங்கினால் மட்டும் எனக்குத் தெரியும்.

நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். டாக்டர் இரண்டு நாள் அதை மேசை டிராயரில் வைத்திருந்தார். மூன்றாம் நாள் தன் குறிப்பையும் சேர்த்து மேலே அனுப்பினார். அடுத்த மாதம் இரண்டு பேருக்கும் மெமோ வந்தது. அதற்கு முன்பே மருந்தும் வந்துவிட்டது.

5. திராட்சைத் தோட்டம்

முதலில் முத்துப்பேச்சி வீட்டுக்குப் போனேன். போகும் வழியில் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். அவள் முன்னால் உட்கார்ந்ததும் அவற்றை விட்டுவிட்டேன். "நான் கொண்டுவந்த மருந்து ஐஸ் இல்லாம கெட்டுப்போயிருந்துச்சு. அதனாலதான் சரவணனுக்கு வந்துச்சுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா அதனாலயும் இருக்கலாம்" என்றேன்.

பையன் அவள் மடியில் படுத்து அவள் தாலிக்கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான்.

"வெள்ளன வந்து ஊத்துறீகன்னு உங்கள அம்புட்டுப் பேரும் பெருமையாப் பேசுனோம்" என்றாள். "போயிட்டு வாங்க."

திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அதன் பிறகு என் வேலை முறையை மாற்றினேன். ஒரு புதன்கிழமைக்கு ஒரு கிராமம் மட்டும். காலை பஸ்ஸில் போய் மருந்து வாங்குவேன். கூடவே ஒரு வெப்பமானியும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பெண்கள் வீட்டில் இருக்க மாட்டார்கள் என்பதால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தோட்டத்துக்கே போய் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்தேன். பந்தல் கால்களுக்கிடையே தூளி கட்டித்தான் கைக்குழந்தைகளைப் போட்டிருப்பார்கள். எனக்குத் தேவையானவர்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். இதை முதல் வருடமே யோசித்திருக்கலாம்.

முதல் நாள் ஆரம்பத்தில் யாரும் வரவில்லை. விஷயம் பரவியிருந்தது. "முன்னாடி ஊத்துனது கெட்டுப்போச்சுன்னா இது மட்டும் கெடாதா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி பிள்ளையைத் தூளியோடு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து ஐஸைக் காட்டினேன். கிட்டே வந்து பார்க்கவும் ஆளில்லை.

முத்துப்பேச்சி சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். பிளாஸ்க்குக்குள் விரலை விட்டு ஐஸைத் தொட்டாள். வெப்பமானியை வாங்கிப் பார்த்து, "எந்தக் கோட்டுக்கு மேல போகக் கூடாது?" என்று கேட்டாள். காட்டினேன்.

பிறகு மற்றவர்களிடம் திரும்பிச் சொன்னாள். "இந்தம்மா மேல எனக்கு நம்பிக்கை இல்ல. ஆனா எம் புள்ளைக்கு வந்தது உங்க புள்ளைகளுக்கு வர வேணாம். ஐஸைத் தொட்டுப் பாத்துட்டு ஊத்திக்கங்க."

அன்று பதினோரு குழந்தைகள். ஒவ்வொரு தாயும் முதலில் ஐஸைத் தொட்டாள்.

அந்தக் காலாண்டு ரிவ்யூ மீட்டிங்கில் நான் கடைசிக்கு முந்தின இடம். மாவட்டத்திலிருந்து வந்திருந்த அதிகாரி, "என்னம்மா ஜெயராணி, இப்படி இறங்கிட்டீங்க?" என்றார்.

"ஏற்கெனவே குடுத்த குழந்தைங்களுக்கு மறுபடியும் குடுத்துட்டு இருக்கேன் சார். அது ஃபாரத்துல வராது."

"ஃபாரத்துல வராத வேலையை எதுக்குப் பாக்கறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள், வழக்கமாக வாய் திறக்காத எங்கள் டாக்டர் எழுந்தார். "நான்தான் சார் பாக்கச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அதிகாரி அடுத்த சப்சென்டருக்குப் போய்விட்டார்.

எல்லாரையும் மறுபடி பிடித்து முடிக்க எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. சில வீடுகளில் கடைசிவரை கதவு திறக்கவில்லை. ஒரு குடும்பம் திருப்பூருக்கே போய்விட்டது. அதற்குப் பிறகு நான் இருந்தவரை என் கிராமங்களில் அந்த நோய் வேறு குழந்தைக்கு வரவில்லை. மறுபடி ஊற்றியதால்தான் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. சரவணன் காலுக்குக் காலிப்பர் என்ற இரும்புத் தாங்கியை மாட்டிக்கொண்டு நடக்கப் பழகினான். அவன் பள்ளிக்கூடம் போகும் வழி சப்சென்டரைத் தாண்டித்தான். அவன் வருவது தெரிந்தால் நான் உள்ளே போய்விடுவேன். அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

6. காலியாக இருந்த வரி

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு இதை எழுதுகிறேன். நான் சோம்பேறியாக இருந்து தவறு செய்யவில்லை. மற்றவர்களைவிட முன்னதாக எழுந்து, வேகமாக நடந்து, நேரத்தை மிச்சம் பிடித்துச் செய்த தவறு. மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றுவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். அந்தக் குழந்தைக்குப் போலியோ வராமல் இருப்பதுதான் என் வேலை. முதலாவதை எவ்வளவு வேகமாகச் செய்தேன் என்பதற்கு ரிஜிஸ்டர் இருந்தது. இரண்டாவதைக் கேட்க எந்த மீட்டிங்கிலும் ஆள் இல்லை. நானே கேட்டிருக்க வேண்டும்.

முத்துப்பேச்சிக்குச் சில வருடம் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. என் ரிஜிஸ்டரில் பெயர் எழுதி மூன்று தவணைக்கும் கட்டம் போட்டு வைத்தேன். முதல் புதன்கிழமை அவள் வரவில்லை. தோட்டத்தில் கேட்டதற்கு, லீவு போட்டுவிட்டாள் என்றார்கள். அடுத்த மாதமும் அப்படித்தான்.

கொஞ்ச நாள் கழித்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் ரிஜிஸ்டரைப் புரட்டும்போது அந்தப் பெயரைப் பார்த்தேன். இரண்டு பஸ் மாறிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து, ஃபிரிட்ஜைத் திறந்து எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மருந்து ஊற்ற விட்டாளாம். பார்மசிஸ்ட் சிரித்துக்கொண்டே சொன்னார். மூன்றாவது தவணைக்கும் அங்கேதான் வந்தாள்.

மாதக் கடைசியில் மேற்பார்வைக்கு வந்தவர் என் ரிஜிஸ்டரில் காலியாக இருந்த வரியைக் காட்டி, "இந்தக் குழந்தை ஏன் விட்டுப்போச்சு?" என்று கேட்டார்.

"விட்டுப்போகல. சரியான இடத்துல மூணு தவணையும் முடிஞ்சிருச்சு" என்றேன்.