ஸ்பீக்கர் வண்டுக்குப் புளிச்ச தண்ணீர்

சித்திரை விஷு கழிந்ததும் வீட்டை ஒழித்துத் தரணும் என்று தாணுமாலயன் சொன்னபோது செண்பகவல்லி இரண்டு கையிலும் மாவோடு நின்றிருந்தாள். கை காலியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"நான் என்னத்தக் களவாண்டேன் அண்ணாச்சி?"

"உன் கிரைண்டரால என் ஆம்ப்ளிஃபயர் சாகுது, கேட்டியா? நீ சுவிட்சைப் போட்டா ஸ்பீக்கர்ல 'ம்ம்ம்'னு ஒரே இரைச்சல். எலக்ட்ரீஷியன் சஜியும் மூணு தடவை வந்து நோக்கிட்டான். 'கிரைண்டர் தன்னே சாரே'ன்னு, எல்லாம் கிரைண்டராலதான்னு சொல்லிட்டான்."

திருவனந்தபுரம் வலியசாலையில் அந்த வீட்டின் மாடியில் வீட்டுக்காரர் தாணுமாலயன். கீழே வாடகைக்குச் செண்பகவல்லியும் அவள் புருஷன் பால்பாண்டியும். தாணுமாலயன் சர்க்கார் ஆபீசில் ரிட்டயர் ஆனவர். மாடியில் சாமிக்கு ஓர் அலமாரி, ஸ்பீக்கருக்கு ஒரு முழு அறை. சாமி பக்கம் செருப்போடு போனால்கூட வாய் திறக்க மாட்டார். ஸ்பீக்கர் அறைக்குக் கால் கழுவிவிட்டுத்தான் போகணும். நாதஸ்வர இசைத்தட்டைத் துடைக்கிற பக்தியோடு அவர் பிள்ளையாரை ஒருநாளும் துடைத்ததில்லை.

செண்பகவல்லிக்குச் சங்கரன்கோவில் பக்கம். பதினாறு வயதில் மாவு மில்லில் எடுபிடி, இருபதில் கல்யாணம். கொத்தனார் பால்பாண்டி வேலை தேடித் திருவனந்தபுரத்துக்கு ரயிலேறியபோது அவளும் ஏறிவிட்டாள். "நீரு அங்க புட்டும் கடலையும் திம்பீரு, நான் இங்க ஒம்ம அம்மைக்குக் காலு பிடிக்கணுமோ?" வந்த புதிதில் சித்தாள் வேலை. சிமெண்டுச் சட்டியைச் சுமக்கிறதுக்கு மாவுச் சட்டியைச் சுமக்கலாம் என்று ஒரு கிரைண்டர் வாங்கினாள். இப்போது மூன்று. கழக்கூட்டத்து ஐ.டி. ஹாஸ்டல்கள் பலவற்றில் காலை இட்லி அவள் மாவுதான். "உலகத்துக்கே புரோகிராம் எழுதுதானுவ, ஒருத்தனுக்கு உளுந்து ஊறப்போடத் தெரியல" என்பாள்.

மூன்று கிரைண்டர் என்றதும் வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்துவார்கள். இந்த வீடு கிடைக்கவே ஒரு வருஷம் அலைந்தாள். இங்கிருந்து இறங்கினால் மாவு நின்றது, பிழைப்பும் நின்றது. அவளுக்கு அழுகை முட்டியது. அழுகை வந்தால் கூடவே கோபமும் வரும், அது அவள் சுபாவம். கையைக் கழுவினாள், காலையும் கழுவினாள், மாடியேறினாள்.

"அந்த வண்டு எப்பத்துலேர்ந்து கத்துது?"

"வண்டா? மாசி பொறந்ததுல இருந்து. தடிச்ச கேபிள் மாத்தினேன், ஸ்டெபிலைசர் வாங்கினேன், ஒண்ணுக்கும் அடங்கல்ல."

"அஞ்சு வருசமா இதே கிரைண்டர்தான ஓடுது? மாசி வரைக்கும் வண்டு எங்க போயிருந்துச்சு?"

"பின்னே, கிரைண்டருக்கு வயசாயிருக்கும்."

"ஒங்களுக்குந்தான் வயசாயிட்டு. யாராவது காலி பண்ணச் சொன்னாவளா?"

மறுநாள் காலையில் கிரைண்டர் விளிம்பைத் தொட்டதும் விரலில் சுள்ளென்றது. புதிதல்ல, கொஞ்ச நாளாகவே கடிக்கிறது. ரப்பர் செருப்பைப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தாள். எப்போது முதல் என்று யோசித்தாள். அதுவும் மாசியிலிருந்துதான்! அப்போதுதான் மாவு மில் ஞாபகம் வந்தது. மில்லில் அவளுக்குக் காலையில் முதல் வேலை, கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற பின்பக்கத்து எர்த்துக் குழியில் ரெண்டு குடம் தண்ணீரும் ஒரு கை உப்பும் போடுவது. முதலாளி பிச்சைக்கனி சொல்வார்: "எர்த்து காஞ்சா மெசினு கடிக்கும்ளா." ஒருநாள் அவள் சோம்பேறித்தனப்பட்டு ஊற்றாமல் விட, மெஷின் கடித்தது. முதலாளியின் ரேடியோவும் அன்றைக்கு முழுக்க உறுமியது.

பால்பாண்டி பழைய சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

"இந்தாரும், இந்த வீட்டுக்கு எர்த்துக் குழி எங்க இருக்கு? மேலயும் கீழயும் ஒரே எர்த்துதான?"

பிசைந்த கை நின்றது. "முத்தத்துல இருந்துச்சு."

"இருந்துச்சா?"

"அண்ணாச்சி முத்தம் பூரா இண்டர்லாக்குக் கல்லு பதிக்கச் சொன்னாருல்லா. நடுவுல அந்த மூடி பாக்க அசிங்கமா இருக்குன்னாரு. அதான் மேல கல்லப் போட்டு மூடிட்டேன். லெவலு பிசகாம போட்டிருக்கேன், பாரு."

"ஒம்ம லெவல்ல இடி விழ!"

இப்போது எல்லாம் துலங்கியது. கிரைண்டர் கழுவுகிற தண்ணீர் முன்பெல்லாம் முற்றம் வழியாக ஓடி அந்தக் குழியில்தான் இறங்கிக்கொண்டிருந்தது. புளிச்ச வாடை மூக்கைத் துளைக்கிறது என்று தாணுமாலயன் தை மாதம் சண்டை போட்டார். அவளும் குழாய் மாட்டித் தெருவோரத்து ஓடைக்குத் திருப்பினாள். அதோடு விட்டாரா? முற்றம் முழுக்கக் கல்லும் பதித்தார். குழி காய்ந்து கருவாடானது.

கடப்பாரையோடு அவள் முற்றத்தில் இறங்கினதும் மாடியிலிருந்து தாணுமாலயன் அலறினார். "என் இண்டர்லாக்கு!"

"கத்தாதிய அண்ணாச்சி. போயிப் பாட்டப் போடுங்க!"

மூன்று கிரைண்டரையும் ஓடவிட்டாள். நாதஸ்வரத்துக்கு மேல் வண்டு உறுமியது தெருவரைக்கும் கேட்டது. பால்பாண்டி தலையைத் தொங்கப்போட்டபடி கல்லைப் பெயர்த்தான். மூடியைத் திறந்தால், ஈரம் பிடிக்க உள்ளே போட்டிருந்த கரி காய்ந்து பொடிந்து கிடந்தது. அன்றைக்குக் கழுவிய புளிச்ச தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டு ஒரு குடம் ஊற்றினாள். மண் குடித்துவிட்டு இன்னும் கேட்டது.

"வண்டு இருக்கா?"

"இருக்கு!"

ரெண்டாவது குடம்.

"இப்பம்?"

"கொறஞ்ச மாதிரி..."

மூன்றாவது குடத்துக்குப் பிறகு மேலேயிருந்து பதில் வரவில்லை. நாதஸ்வரம் மட்டும் வந்தது, சுத்தமாக. செண்பகவல்லி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், ஓடுகிற கிரைண்டரில் பயந்து பயந்து ஒரு விரலை வைத்தாள். கடிக்கவில்லை. அதன்பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

தாணுமாலயன் இறங்கி வந்தபோது முற்றம் முழுக்கப் புளிச்ச வாடை. அவர் மூக்கைப் பொத்தவில்லை. தொண்டையைச் செருமினார்.

"செண்பகம், இந்தத் தண்ணிய தினமும் இதுலயே விட முடியுமா?"

"நாறுமே அண்ணாச்சி."

"நாறினா நாறட்டும்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"விஷு கழியட்டும், பாப்போம்."