யானையும் குடையும்

அருப்புக்கோட்டை ரிப்பேர் கடையில் பழைய டிவி ஒன்றைப் போட்டதும் கிளம்பிய சூடான தூசி வாசனை, எங்கள் ஊரில் இன்று இல்லாத பஞ்சாயத்து டிவி ரூமுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது.

பிறவியிலேயே காது கேளாத என் அக்கா செல்வி, ஞாயிறு காலையில் அந்தத் தகரக் கதவு திறக்கும் முன்பே என்னை இழுத்துக்கொண்டு போய் நிற்பாள். செம்மண் அப்பிய கால்களோடு சிமெண்டுத் தரையில் நெருக்கியடித்து உட்கார்ந்தால், டிவி கார்ட்டூனில் ஒரு வார்த்தைகூடப் பேசாத குண்டு யானை ஒன்று காற்றில் குடையை விரிக்கப் படாதபாடு படும், அதற்கு முதலில் சிரிப்பது அக்காதான். நல்ல கார்ட்டூன் எது என்று கேட்டால் இன்றும் அதைத்தான் சொல்வேன்.

பிறகு தமிழ் பேசும் கார்ட்டூன்கள் வந்தன. சிரிப்பெல்லாம் பேச்சில்தான். அக்கா எங்கள் முகங்களைப் பார்த்து, நாங்கள் சிரித்து ஓய்ந்தபின் தனியாகச் சிரித்தாள்.

"ஏலே, ஒங்க அக்காவுக்கு இப்பத்தான் சிரிப்பு வருது பாரு" என்றான் ஒருவன். ரூமே சிரித்தது. படத்துக்குத்தான் என்று நினைத்து அவளும் சேர்ந்து சிரித்தாள். எல்லாரும் தன்னையே பார்ப்பது தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு அம்மா சொன்னாள்: "அவ வரலயாம். நீ போயிட்டு வா."

பின்னாளில் டிவி ரூமை இடித்துத் தண்ணீர்த்தொட்டி கட்டிவிட்டார்கள். அக்கா வீட்டோடு இருந்துவிட்டாள். போன மாதம் ஊருக்குப் போனபோது அந்த யானைப் படத்தை செல்போனில் தேடியெடுத்து அவளுக்குக் காட்டினேன். யானை குடையோடு உருண்டு விழுந்தது. அக்கா சிரிக்கவில்லை, நான் சிரிக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள்.